ஏலக் குரலில் அறுபது எச்சரிக்கைகள்

திண்டுக்கல்
3.2.2008

அன்பு மகள் அமலராணிக்கு அப்பா சூசைராஜ் எழுதிக்கொள்வது.

கையெழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிடாதே. நானேதான். யாரையும் எழுத வைக்கவில்லை. அறுபத்தாறு வயதில் நான் எழுதும் முதல் கடிதம். இந்த நான்கு வரிக்கே அரை மணி நேரம் ஆகிவிட்டது. எனக்கு அவசரம் இல்லை.

போன ஜூன் மாதத்திலிருந்து காதர் பீவி டீச்சர் வீட்டுக்குப் படிக்கப் போகிறேன். முனிசிபல் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு வகுப்பு. ஏழு பேர் படிக்கிறோம். ஆறு பேர் பெண்கள். உன் அம்மாவையும் கூப்பிட்டேன். "நீங்க போயிட்டு வாங்க. ஒரு மணி நேரம் வீடு அமைதியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

வெங்காய மண்டியில் நாற்பது வருஷம் ஏலம் கூறினேன். விலையை நான் சொல்வேன், மற்றவர்கள் எழுதுவார்கள். என் கைபட்ட மூட்டைகளின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று போன வாரம்தான் போய் வாசித்துப் பார்த்தேன். "கொக்கி போடாதீர்" என்று இருக்கிறது. நாற்பது வருஷமும் கொக்கி போட்டுத்தான் தூக்கியிருக்கிறோம்.

உன் வீடு நத்தத்தில். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனால் நீ என்னை வரச் சொல்லவில்லை. அம்மாவிடம் போனில் பேசுகிறாய், நான் வாங்கினால் வைத்துவிடுகிறாய். அதனால்தான் தபால். இதில் ஒரு வசதி இருக்கிறது. போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடும். எழுதிச் சண்டை போட எனக்கு வேகம் போதாது.

நீ வீட்டிலேயே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பதாக அம்மா சொல்கிறாள். என்ன வேலை, யாருக்கு வேலை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நீயே எழுது. இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும்.

அப்பா
சூசைராஜ்


நத்தம்
16.2.2008

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. மூன்று முறை வாசித்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது. அதற்காக நான் நிலக்கோட்டையை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

இரண்டு வருஷம் ஆகிறது. நிலக்கோட்டையில் சித்தி வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தியில் யாரோ என்னைக் கேட்டார்கள், பள்ளிக்கூட கிளார்க் வேலையை விட்டுவிட்டு என்ன செய்கிறாய் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் எழுந்தீர்கள். மண்டியில் நிற்பது போலக் கையைத் தூக்கிக்கொண்டு, "சரக்கு வந்திருக்கு பாருங்கப்பா! எம்.ஏ. படிச்ச சரக்கு! ஒரு தரம், ரெண்டு தரம்... கேக்க ஆளில்ல, மூட்டையக் கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க!" என்றீர்கள். எழுபது பேர் சிரித்தார்கள். என் மாமியார் சிரித்தார். உங்கள் மருமகன் சகாயராஜ் தலையைக் குனிந்துகொண்டார். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். இவ்வளவுதான் நடந்தது. உங்களுக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்தினேன்.

வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். இன்டர்நெட்டில் ஒரு சந்தை இருக்கிறது. வேலை செய்விக்க ஆள் தேடுகிறவர்கள் அங்கே வந்து, இன்ன வேலை இருக்கிறது என்று எழுதுவார்கள். என்னைப் போன்றவர்கள், நான் இப்படிச் செய்வேன், இத்தனை நாளில் முடிப்பேன், இன்ன விலை என்று எழுதுவோம். பிடித்தவரை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். மிக்ஸி வாங்கினால் ஒரு சின்னப் புத்தகம் தருவார்களே, அது மாதிரி. முகம் பார்க்காத வேலை. வேலை முடிந்ததும் வேலை கொடுத்தவர் நம்மைப் பற்றி நாலு வரி எழுதி, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடுவார். அடுத்து வருகிறவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

ஆரம்பத்தில் நிறையத் தப்புச் செய்தேன். எல்லா வேலையும் தெரியும் என்று எழுதிப் போட்டேன். ஒருவரும் கூப்பிடவில்லை. மொழிபெயர்ப்பு மட்டும், அதிலும் மருந்தும் இயந்திரமும் மட்டும் என்று மாற்றி எழுதிய பிறகுதான் முதல் வேலை வந்தது. விலையை அடிமட்டத்துக்கு இறக்கினால் வேலை குவியும் என்று நினைத்தேன். குவிந்தது. அப்படி வந்தவர்கள்தான் பாடாய்ப் படுத்தினார்கள். இப்போது என் கணக்கில் ஒன்பது பேர் நல்லதாக எழுதியிருக்கிறார்கள். ஒன்பதே பேர். ஒருவர் மோசமாக எழுதினால் நான் பட்டியலின் அடியில் போய்விடுவேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அம்மா எப்படியும் சொல்லிவிடுவாள். சகாயராஜ் குத்தகைக்கு எடுத்த மாந்தோப்பு போன வருஷம் பூவிலேயே கருகிவிட்டது. பள்ளியில் என் இடத்துக்கு வந்தவர் மே மாதத்தோடு போகிறாராம். திரும்ப வருகிறாயா என்று தாளாளர் ஃபாதர் ஆள் அனுப்பிக் கேட்டார். மே இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் இந்த வேலை நிலைத்தால் இதில் இருப்பேன். இல்லையென்றால் பழைய நாற்காலிக்குத்தான் போக வேண்டும். அந்த நாற்காலிக்காக நீங்கள் ஃபாதர் வாசலில் பதினோரு முறை போய் நின்றது எனக்குத் தெரியும். அதை நான் மறக்கவில்லை. நிலக்கோட்டையையும் மறக்கவில்லை.

அமலராணி


திண்டுக்கல்
1.3.2008

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை வாசித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. நிலக்கோட்டை வரும் இடத்தை முதல் நாளே முடித்துவிட்டேன்.

அது தமாஷுக்குச் சொன்னதும்மா. மண்டியில் பெரிய வியாபாரியைக்கூட அப்படித்தான் கிண்டல் செய்வேன். அவர்கள் எல்லாம் மறுநாள் வந்து டீ வாங்கிக் கொடுப்பார்கள். நீ இரண்டு வருஷம் பேசாமல் இருக்கிறாய். உனக்கு உன் அம்மா வீட்டுப் பிடிவாதம்.

உன் சந்தை எனக்கு நன்றாகப் புரிகிறது. நான் நினைத்ததைவிட யோக்கியமான இடமாக இருக்கிறது. எங்கள் மண்டியில் மேலே நல்ல வெங்காயம், அடியில் அழுகல் வைத்து ஒருவன் கட்டிக்கொண்டு வருவான். விற்றுவிட்டு ஊருக்குப் போய்விடுவான். யார் கட்டியது என்று மூட்டையில் எழுதி வைக்க மாட்டோம். உங்கள் இடத்தில் எழுதி வைக்கிறார்கள். எங்களுக்கு அப்படி இருந்திருந்தால் பாதிப் பேர் மண்டிப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. முகம் பார்க்காமல் எப்படி விலை பேசுகிறாய்? நான் வாங்குகிறவன் கண்ணைப் பார்த்துத்தான் ஏற்றுவேன்.

இப்போது தினமும் காலையில் பேப்பர் முழுவதையும் சத்தமாக வாசிக்கிறேன். மனதுக்குள் வாசிக்க இன்னும் வரவில்லை. எதிர் வீட்டு மெஹராஜ் பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டார். "அண்ணன் வாசிச்சா எங்க அடுப்படி வரைக்கும் கேக்குது, எதுக்குத் தண்டமா காசு?" என்கிறாராம். அவருக்காக இன்னும் கொஞ்சம் சத்தமாக வாசிக்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பப் போவதானால் போ. நல்ல வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். நான் அவ்வளவுதான் சொல்வேன்.

அப்பா


நத்தம்
12.3.2008

அப்பாவுக்கு,

இது மகள் அப்பாவுக்கு எழுதும் கடிதம் இல்லை. வேலை சம்பந்தமாக எழுதுகிறேன். விருப்பம் இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஹாலந்து நாட்டில் ஓர் அமைப்பு. விவசாயிகள் ஓர் எண்ணுக்குப் போன் செய்தால், பூச்சி மருந்தை எப்படி ஆபத்தில்லாமல் கையாள்வது என்று பதிவு செய்த குரல் சொல்லும். அப்படி அறுபது செய்திகள். தமிழில் மொழிபெயர்க்கவும் வேண்டும், பேசிப் பதிவு செய்தும் தர வேண்டும். வயதான கிராமத்து ஆணின் குரல் வேண்டும் என்கிறார்கள். சென்னையிலிருந்து பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய குரல்கள் எல்லாம் செய்தி வாசிப்பது போல இருக்கிறதாம். இது கிடைத்தால் பெரிய வேலை. இதற்குப் பிறகும் தருவார்கள்.

உங்கள் குரல் எனக்கு ஞாபகம் வந்தது. மறந்தால்தானே.

சம்மதம் என்றால் சில விஷயங்கள். எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசிக்க வேண்டும். புரியாததை வாசிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும், வாசித்த பிறகு இல்லை. முடியாத தேதியைச் சொல்லக் கூடாது. முடியாது என்று தெரிந்த அன்றே எனக்குச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், கடைசி நாளில் சொல்வதைப் பொறுக்க மாட்டார்கள். கூலியில் பாதி உங்களுக்கு.

முதலில் சாம்பிள் ஒன்று அனுப்ப வேண்டும். "வணக்கம், உழவர் உதவிக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று தொடங்கும் நான்கு வரி. தனித்தாளில் பெரிய எழுத்தில் வைத்திருக்கிறேன்.

கண்ணைப் பார்க்காமல் எப்படி விலை பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் எழுதியதை இரண்டு தடவை வாசிப்பேன். என்ன வேண்டும் என்பது முதல் தடவையில் தெரியும். எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பது இரண்டாம் தடவையில் தெரியும். அந்தப் பயத்துக்குப் பதில் எழுதினால் வேலை வரும்.

அமலராணி


நத்தம்
19.3.2008

அப்பாவுக்கு,

நீங்கள் பேசி அனுப்பிய நான்கு வரி சாம்பிள் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. இருபத்தேழு பேரில் நம்மைத்தான் எடுத்திருக்கிறார்கள். அறுபது செய்திகளையும் அச்சடித்து இத்துடன் அனுப்புகிறேன். மார்ச் மாதம் முடிவதற்குள் சிடி என் கைக்கு வர வேண்டும்.

பதிவு செய்யப் போகும்போது ஆட்டோவில் போய், ஆட்டோவிலேயே வீடு திரும்புங்கள். இந்தத் தாள்களை மழையிலோ டீக்கடையிலோ நனைத்துவிட வேண்டாம்.

அமலராணி


திண்டுக்கல்
28.3.2008

அன்பு மகளுக்கு,

முடித்துவிட்டேன்! அறுபதும் முடிந்தது. ஈஸ்டருக்கு மறுநாள் போய் உட்கார்ந்தேன், மூன்று மணி நேரத்தில் எழுந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்துல் ஹக்கீம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருக்கிறார். ஜவுளிக்கடை விளம்பரம், தேர்தல் விளம்பரம், காணாமல் போனவர்கள் அறிவிப்பு, எல்லாம் அங்கேதான் பதிவு செய்து ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் போட்டுவிடுவார்கள். சுவர் முழுக்க மெத்தை அடித்த சின்ன அறை. காற்றே இல்லை. நான் இரண்டு செய்தி வாசித்ததும் ஹக்கீம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்துவிட்டார். "அண்ணே, இம்புட்டு நாளா எங்க இருந்தீக? ஒரு எடத்துலகூடத் தொய்வு இல்லையே! வர்ற தேர்தலுக்கு எல்லாக் கட்சிக்கும் நீங்கதான்!" என்றார்.

அதற்கு முன்பு மூன்று நாள் வீட்டில் வாசித்துப் பழகினேன். உன் அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கினாள். நீ சொன்னபடி ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. மூன்று இடத்தில் புரியவில்லை. வாசிப்பதற்கு முன்பே டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அமலா, இதைச் சொல்லியே ஆக வேண்டும். வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. மண்டிப் பக்கம் போனால் "வாங்கண்ணே" என்று ஸ்டூல் போடுவார்கள், வேலை தர மாட்டார்கள். இப்போது ஹாலந்துக்காரன் இருபத்தேழு பேரில் என்னை எடுத்திருக்கிறான். நான் ரோட்டில் நடந்து வரும்போது இதை நான்கு பேரிடம் சொன்னேன். நான்கு பேரிடம்தான்.

சிடியை கூரியரில் போட்டுவிட்டேன். நீ கேட்டுப் பார்த்து எழுது.

அப்பா


நத்தம்
14.4.2008

அப்பாவுக்கு,

வருஷப் பிறப்பும் அதுவுமாக இதை எழுத வேண்டியிருக்கிறது.

அவர்கள் உங்கள் பதிவைத் தொப்பம்பட்டிப் பக்கம் பத்து விவசாயிகளிடம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அங்கே இருக்கும் அவர்களுடைய அலுவலர் அறிக்கை அனுப்பியிருக்கிறார். செய்தி எண் பதினேழு, "இந்த மருந்து கொடிய விஷம், வெறும் கையால் தொடாதீர்கள்." அதைக் கேட்டுவிட்டுப் பத்துப் பேரில் ஆறு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

"ஏனுங்க, அந்த மருந்து எங்கீங்க கிடைக்கும்?"

ஒருவர் கடைக்கே போய்க் கேட்டிருக்கிறார்.

"உங்கள் குரல் கலைஞர் மிகத் திறமையானவர். அவர் விஷத்தை விற்கிறார்" என்று ஹாலந்திலிருந்து எனக்கு வேலை கொடுத்த அம்மையார் எழுதியிருக்கிறார். அறுபதையும் மறுபடி பதிவு செய்து ஏப்ரல் முப்பதுக்குள் தர வேண்டும். இல்லையென்றால் வேலை ரத்து. அதோடு அவர் என்னைப் பற்றி எழுதுவதைத்தான் இனி வருகிறவர்கள் முதலில் வாசிப்பார்கள். மே இருபதாம் தேதிக்கு ஃபாதருக்கு நான் என்ன பதில் சொல்வது என்பதும் அதோடு முடிவாகிவிடும்.

உங்கள் மேல் கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். அலுவலர் திருப்பி அனுப்பியதை இன்று உட்கார்ந்து கேட்டேன். "கொடிய விஷம்!" என்று சொல்லும்போது ஏதோ நிலக்கோட்டைத் திராட்சை வந்து இறங்கியிருப்பது போல இருக்கிறது. நானே ஒரு டப்பா வாங்கியிருப்பேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. நான் இதை அனுப்புவதற்கு முன்பு கேட்டிருக்க வேண்டும். அனுப்பும் முன் ஒரு தடவை முழுதாகப் பார்க்காமல் இதுவரை எதையும் நான் அனுப்பியதில்லை. இதை மட்டும் கேட்கவில்லை. சிடியைப் போட்டேன், முதல் செய்தியில் உங்கள் குரல் வந்ததும் நிறுத்திவிட்டேன். பந்தியில் நிற்பது போல இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன். அது என் தப்பு. அந்த அம்மையாருக்கும் அப்படித்தான் எழுதினேன், சரிபார்க்காமல் அனுப்பியது நான்தான் என்று. சாக்குச் சொன்னால் ஒரு நாள் மிச்சமாகும், ஆள் போய்விடுவார்.

உங்களால் மாற்றி வாசிக்க முடியுமா? முடியாது என்றால் இன்றே சொல்லுங்கள். வேறு ஆளைத் தேட எனக்குப் பதினாறு நாள் இருக்கிறது.

அமலராணி


திண்டுக்கல்
27.4.2008

அன்பு மகள் அமலாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே முடியும் என்று அம்மாவைப் போனில் சொல்லச் சொன்னேன். முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது. முடியாது என்று சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மறுநாளே ஹக்கீமிடம் போனேன். மெதுவாக வாசித்தேன். மெதுவாக விற்றேன். சத்தத்தைக் குறைத்து வாசித்தேன். ரகசியமாக விற்பது போல இருந்தது. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வாசித்தேன். ஹக்கீம் சிரித்துவிட்டார். "அண்ணே, இப்ப சரக்கு பத்தாது, முந்துங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றார்.

டீச்சரிடம் போய் வாசித்துக் காட்டினேன். "சூசைராஜ், உங்களுக்கு எழுத்து வந்துருச்சு. குரல் இன்னும் மண்டியிலயே நிக்குது" என்றார். எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. நாற்பது வருஷத்தில் நான் வாயைத் திறந்ததெல்லாம் விற்பதற்குத்தான். கல்யாண வீட்டில், கோயிலில், வீட்டில், எங்கேயும் அதே குரல்தான்.

இரண்டு நாள் பேப்பர் வாசிக்கவில்லை. மெஹராஜ் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் போனார். அப்போதுதான் உன் அம்மா சொன்னாள்.

"ஏனுங்க, உங்களுக்கு இன்னொரு குரல் இருக்குதுங்க. நான் ஒரே ஒரு தடவ கேட்டிருக்கேன்."

"எப்பம்மா?"

"எங்க ஊர்ல, கெணத்து மேட்டுல."

உனக்கு நான்கு வயது, ஞாபகம் இருக்காது. நெய்க்காரப்பட்டியில் உன் தாத்தா தோட்டத்துக் கிணறு. சுற்றுச் சுவர் கிடையாது. நாங்கள் கடலைக் காட்டில் நிற்கிறோம். நீ கிணற்று விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். பாதிப் பாதம் வெளியே நிற்கிறது. நான் கத்தியிருந்தால் நீ திடுக்கிட்டுத் திரும்பியிருப்பாய், அதோடு போயிருப்பாய். நான் சாதாரணமாகச் சொன்னேன்: "அமலா, அப்பா இங்கதான் இருக்கேன். நீ அப்படியே உக்காரு தாயி. திரும்ப வேண்டாம். உக்காரு." நீ உட்கார்ந்தாய். நான் நடந்து வந்து தூக்கிக்கொண்டேன்.

அதைக் கேட்டதும் எழுந்து ஹக்கீமிடம் போனேன். தாளை முன்னால் வைத்துக்கொண்டேன். அந்த விளிம்பில் ஒரு பிள்ளை நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு வரி வாசித்தேன். "மருந்து இருந்த டப்பாவில் தண்ணீர் வைக்காதீர்கள்." அடுத்த வரி. ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் முடியவில்லை. ஒவ்வொன்றும் முடிந்ததும் வியர்த்துவிடுகிறது. ஏலம் கூறினால் எனக்கு வியர்க்காது.

ஹக்கீம் இந்தத் தடவை பாராட்டவே இல்லை. மூன்றாம் நாள் பாதியில் எழுந்து, "அண்ணே, செத்த நேரம் இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். "ஏலா, அந்தக் கரப்பான் மருந்து எங்க இருக்கு? அடுப்பு மேடைக்குக் கீழயா? எடுத்து பீரோ மேல வையி. இப்ப வையி. நான் லைன்லதான் இருக்கேன்" என்று வீட்டுக்காரம்மாவிடம் பேசினார். அவர் காசெட்டுக் கடை வைத்து இருபது வருஷமாக எல்லாக் குரலையும் கேட்கிறவர். அதனால் சரியாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அறுபதும் இத்துடன் வருகிறது. இந்தத் தடவை அனுப்பும் முன்பு நீ கேள். கஷ்டமாக இருந்தாலும் கேள்.

இன்னொன்று. நிலக்கோட்டையில் நான் பேசியது தமாஷ் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடு. அன்றைக்கு உன்னைப் பற்றி ஒருவர் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. நீ என்ன வேலை பார்க்கிறாய் என்றே எனக்குப் புரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, தெரிந்த குரலில் உன்னை விற்கப் பார்த்தேன். பெற்ற பிள்ளையை எழுபது பேருக்கு முன்னால் ஏலம் கூறினேன். அது தப்பு. இந்த ஒரு பத்தியை எழுத எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. நேரில் என்றால் ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

அப்பா


நத்தம்
8.5.2008

அன்புள்ள அப்பாவுக்கு,

அறுபதையும் கேட்டேன். சிடி வந்த அன்றே, ஒரே மூச்சில் இல்லை, நடுவில் நான்கு தடவை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து கேட்டேன். சகாயராஜும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டாவது செய்தியில் எழுந்து போனார். எங்கே என்று கேட்டதற்கு, "தோப்பு செட்டுல மருந்துத் தண்ணி வாளியும் குடிதண்ணி வாளியும் பக்கத்துல பக்கத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

தொப்பம்பட்டியில் மறுபடி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இந்தத் தடவை யாரும் கடைக்குப் போகவில்லை. "யாரோ பெரியவங்க வீட்டுக்குள்ளாற வந்து சொல்லிட்டுப் போன மாதிரி இருக்குதுங்க" என்று ஒரு பாட்டி சொன்னாராம். அந்த அம்மையார் வேலையை ஏற்றுக்கொண்டார். நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது தாமதத்துக்காக. நியாயம்தான். அதன் கீழே, தப்பை மறைக்காமல் சொல்லித் திருத்திக் கொடுத்தவர் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். முந்தைய ஒன்பது பேரின் ஐந்து நட்சத்திரத்தையும்விட எனக்கு அந்த வரி பெரிது.

இன்னும் இருநூற்று நாற்பது செய்திகள் தருகிறார்கள். அடுத்த ஏப்ரல் வரை வேலை. அதே குரல்தான் வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். கரும்பு, மக்காச்சோளம், மாட்டு நோய் எல்லாம் உண்டு. ஒவ்வொரு பத்துச் செய்தியையும் நான் கேட்டு முடித்த பிறகுதான் அடுத்த பத்து. ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். அதற்குத் தகுந்த தேதியைத்தான் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். வேகமாக முடிக்கிறேன் என்று நீங்கள் ஆசைப்பட்டாலும் நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆக, பள்ளிக்கூட வேலைக்கு நான் போகவில்லை. முடிவு செய்துவிட்டேன். சகாயராஜுக்கும் சம்மதம். மாதம் பிறந்தால் சம்பளம் இல்லைதான். சில மாதம் இருக்கும், சில மாதம் இருக்காது. இருக்கும் மாதத்தில் எடுத்து வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். ஆனால் ஃபாதரிடம் இதைச் சொல்வதுதான் சங்கடமாக இருக்கிறது. நீங்கள் பதினோரு தடவை நின்று வாங்கிய வேலையை நான் இரண்டாம் தடவையாக வேண்டாம் என்கிறேன்.

பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் வருகிறேன். நானே போய் அவரிடம் சொல்கிறேன். அதுவரை நீங்கள் எதுவும் பேச வேண்டாம். மத்தியானம் வீட்டில்தான் சாப்பாடு. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்கிறேன்.

உங்கள் மகள்
அமலா


திண்டுக்கல்
14.5.2008

அன்பு மகள் அமலாவுக்கு,

நீ வருவதற்குள் இது வந்து சேர்ந்துவிடும் என்று தபால்காரர் சொன்னார்.

பேச வேண்டாம் என்று நீ எழுதியதை வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். ஆனாலும் இன்று காலையில் ஃபாதர் வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த வேலையை வாங்கியது நான். திருப்பிக் கொடுக்கிறதும் நான்தான் போக வேண்டும். நீ அங்கே போய்த் தலையைக் குனிந்து நிற்பதில் எனக்கு விருப்பம் இல்லை. கோபப்படுவதானால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு படு. அம்மா நாட்டுக்கோழி சொல்லி வைத்திருக்கிறாள்.

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். முன்பெல்லாம் வெளிவாசலில் செருப்பை விட்டுவிட்டு அங்கேயே நிற்பேன். இன்றைக்கு உள்ளே போய்விட்டேன். ஃபாதர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க சூசை. மகளுக்காகத்தானே வந்தீங்க? இடம் இருக்கு. கவலைப்படாதீங்க" என்றார். நல்ல மனிதர்.

"கேக்க வரல ஃபாதர். அந்த வேலை அவளுக்கு வேண்டாம்னு சொல்லிட்டுப் போக வந்தேன். வேற யாராச்சும் கஷ்டப்படுற பிள்ளைக்குக் குடுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சூசை இது? அம்புட்டுத் தூரம் அலைஞ்சீங்களே இந்த வேலைக்கு? அவளுக்கு வேற எங்கயும் கெடைச்சிருச்சா? யாருகிட்ட வேலை பாக்குறா?"

"அவ யாருகிட்டயும் வேலை பாக்கல ஃபாதர்" என்றேன். "நான்தான் அவகிட்ட வேலை பாக்குறேன்."

அப்பா
சூசைராஜ்